நீல அட்டை நோட்டு

அந்த நோட்டை எழுதியவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஏதோ ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவள் போல என்னை நானே காட்டிக்கொண்டு போய்விடுவேன்.

ஒரு சரக்கு விநியோக நிறுவனத்தில் எம்.டி.யின் தனிச் செயலாளராக ஐந்து ஆண்டுகள் இருந்தேன். சேர்ந்த இரண்டாவது வாரம் அவர் என்னை அழைத்து, நீல அட்டை போட்ட தடித்த நோட்டு ஒன்றைக் கொடுத்தார். "ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். யாருக்கு என்ன கஷ்டம், யார் வீட்டில் என்ன விசேஷம், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், காதில் விழுவதையெல்லாம் குறித்து வையுங்கள். தலைமையில் இருப்பவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்" என்றார். எனக்கு மெய்சிலிர்த்துப் போனது. அதற்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், மேலதிகாரிக்கு என் பெயர் மனதில் நிற்கவே மூன்று மாதம் ஆகியிருந்தது.

ஆசையாக எழுதினேன். கணக்குப் பிரிவு, கிடங்கு, வாசல் காவலர் வரை எல்லோருக்கும் ஒரு பக்கம். காலையில் அவர் அதை ஐந்து நிமிடம் புரட்டுவார். பிறகு மாடிப்படியில் யாரையாவது நிறுத்தி, "பெண்ணுக்குத் தேர்வு முடிவு வந்துவிட்டதா?" என்று கேட்பார். கேட்கப்பட்டவருக்கு அன்று முழுவதும் கால் தரையில் பாவாது. வேறு நிறுவனங்களிலிருந்து வந்தவர்கள், "இப்படி ஒரு மனிதரைப் பார்த்ததே இல்லை" என்பார்கள். நானும் அதைத்தான் என் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் ஆண்டு இறுதியில் ஒரு நாள் கிடங்கு மேலாளரை எம்.டி. தன் அறைக்கு வரச் சொன்னார். குறிப்பெடுக்க நானும் உட்கார்ந்திருந்தேன். ஆண்டு இறுதி இருப்புக் கணக்கில் மேலாளர் கையெழுத்துப் போட மறுத்திருந்தார். திரும்பி வந்த சரக்கும் நனைந்து வீணான சரக்கும் நல்ல சரக்காகக் காட்டப்பட்டிருந்தன என்பதுதான் அவருடைய ஆட்சேபம். எம்.டி. கோபப்படவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, "அம்மா எப்படி இருக்கிறார்கள்? டயாலிசிஸ் வாரம் இரண்டு முறைதானே?" என்று கேட்டார்.

"இப்போது மூன்று முறை சார்."

"நம் கம்பெனி இன்ஷூரன்ஸில்தானே போகிறது?"

"ஆமாம் சார்."

"நல்லது. அதற்கு எந்தத் தடங்கலும் வரக் கூடாது."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. கிடங்கு மேலாளர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "பேனா இருக்குமா அம்மா?" என்றார். கொடுத்தேன். மூன்று இடங்களில் கையெழுத்திட்டு, மூடியைப் பொருத்தி, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

"அம்மா - டயாலிசிஸ், வாரம் 2 முறை" என்பது நான் எழுதிய வரி. அன்று நடந்ததை ஒரு சொல் விடாமல் எழுதி யாரிடம் நீட்டினாலும், எம்.டி. நலம் விசாரித்தார் என்றுதான் படிப்பார்கள். மிரட்டல் என்று காட்ட அதில் ஒரு எழுத்துகூட இல்லை.

அன்று இரவுதான் முதன்முதலாக இணையத்தில் தேட ஆரம்பித்தேன்.

நம் மொழியில் "சைக்கோ" என்ற சொல் படும் பாடு பெரும் பாடு. தொடர் கொலைகாரனும் சைக்கோ, பஸ்ஸில் தனக்குத்தானே பேசிக்கொண்டு வருபவரும் சைக்கோ, கடுகடுக்கும் மாமியாரும் சைக்கோ. இல்லாத குரல்கள் கேட்பது, நிஜம் எது என்று பிடிபடாமல் போவது எல்லாம் சைக்கோசிஸ். அது நோய், மருந்து உண்டு. சைக்கோபதி முற்றிலும் வேறு. அதில் நிஜம் துல்லியமாகத் தெரியும், எதிரில் இருப்பவரின் பயமும் தெரியும், ஆனால் அந்தப் பயம் உள்ளே எதையும் அசைப்பதில்லை. 1941இல் ஹெர்வி கிளெக்லி என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதை ஒரு முகமூடியாக வர்ணித்தார். புத்தி தெளிவாக, பேச்சு இனிமையாக இருப்பதே அந்த முகமூடி. அவர் எழுதியவர்களில் தொழிலதிபர்களும் மருத்துவர்களும்கூட இருந்தார்கள்.

பிறகு ராபர்ட் ஹேர் என்ற கனடிய உளவியலாளர் வகுத்த அளவுகோல் கையில் கிடைத்தது. மொத்தம் 20 கூறுகள். மேலோட்டமான கவர்ச்சி, தன்னைப் பற்றிய மிகை மதிப்பு, கூசாமல் பொய் சொல்வது, பிறரை ஆட்டிவைப்பது, குற்ற உணர்வின்மை, பரிவின்மை என்று பட்டியல் போகும். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண். மொத்தம் 40. வட அமெரிக்காவில் 30ஐத் தொட்டால் சைக்கோபதி என்று கொள்வது வழக்கம்.

நான் என்ன செய்திருப்பேன் என்று யூகித்திருப்பீர்கள். இரவு பதினொரு மணிக்கு மேல் உட்கார்ந்து எம்.டி.க்கு மார்க் போட்டேன். ஒரு நாள் 27 வந்தது. அவர் என்னிடம் எரிந்து விழுந்த நாளில் 33. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் அமைதியாக இருந்தபோது, 22. இந்த விளையாட்டு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு நடந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தப் பட்டியலில் இளம் வயதுக் குற்றச் செயல்கள் என்று ஒரு கூறு உண்டு. அவருடைய இளம் வயது பற்றி எனக்கு என்ன தெரியும்? பயிற்சி பெற்றவர், நீண்ட நேரம் நேர்காணல் செய்து, பழைய ஆவணங்களைப் பார்த்துப் போட வேண்டிய மார்க் அது. நேரில் பரிசோதிக்காமல் பொது வாழ்வில் இருப்பவர்களைப் பற்றி நோய்க்கணிப்பு சொல்லக் கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலேயே தன் உறுப்பினர்களுக்கு விதி வகுத்துவிட்டது. மருத்துவருக்கே அப்படியென்றால் செயலாளர் எம்மாத்திரம்?

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. அதே பட்டியலில் சில வரிகளுக்கு எனக்கும் ஒரு மார்க் போடலாம் என்று தோன்றிய இரவுகள் இருந்தன.

அவர் சைக்கோபாத்தா இல்லையா என்ற கேள்வியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தவரை நான் வேறு எதையும் செய்யவில்லை. விடை கிடைத்தால் ஏதோ நடந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. கிடைத்திருந்தாலும் அதை எடுத்துக்கொண்டு எங்கே போயிருக்க முடியும்? மனிதவளப் பிரிவில் போய், "எம்.டி.க்கு 33 வருகிறது" என்றா?

அந்த நாட்களில் படித்தவற்றில் ஒரு விஷயம்தான் உருப்படியாகப் பயன்பட்டது. 2016இல் "ஐந்து தலைமை அதிகாரிகளில் ஒருவர் சைக்கோபாத்" என்ற செய்தி உலகம் முழுவதும் ஓடியது. அந்த ஆய்வில் பங்கேற்ற 261 பேரும் தலைமை அதிகாரிகளே அல்லர். கொள்முதல், விநியோகத் துறையில் வேலை பார்ப்பவர்கள். அதாவது எங்கள் ஆட்கள். பின்னர் அந்தக் கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. செய்தி மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைவிடக் கவனமாகச் செய்யப்பட்டது பால் பேபியாக், ஹேர் முதலானோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு. ஏழு நிறுவனங்கள், மேலாண்மைப் பயிற்சிக்குத் தேர்வான 203 பேர். அவர்களில் 8 பேர் 30 அல்லது அதற்கு மேல் பெற்றார்கள். ஏறத்தாழ 4 சதவீதம். பொதுமக்களிடையே சுமார் 1 சதவீதம் என்பார்கள்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இந்த 4 சதவீதம் இல்லை, அடுத்த பத்தி. மதிப்பெண் கூடக் கூட, பேச்சாற்றல், வியூகம், புதுமை ஆகியவற்றில் அவர்களுக்கு நல்ல பெயர் கிடைத்திருந்தது. அதே ஆட்களுக்குக் குழுவோடு சேர்ந்து வேலை செய்வது, மேலாண்மைத் திறன், செய்து முடித்த வேலை ஆகியவற்றில் மதிப்பீடு சரிந்திருந்தது. பேச்சு ஏறுகிறது, வேலை இறங்குகிறது.

எம்.டி.யின் இரண்டு கோப்புகளும் என் அலமாரியில்தான் இருந்தன. ஒன்றில் இயக்குநர் குழுவுக்கு அவர் தந்த விளக்கப் படங்கள், கைதட்டல்கள், பாராட்டுக் கடிதங்கள். இன்னொன்றில் அந்தத் திட்டங்கள் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து என்ன ஆயின என்ற அறிக்கைகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு மூன்றரை ஆண்டு ஆகியிருக்கிறது. புதிதாகத் தொடங்கிய மூன்று கிளைகளில் இரண்டு மூடப்பட்டிருந்தன. இரண்டுக்கும் பொறுப்பாக இருந்தவர்கள் "தகுதியின்மை" காரணமாக நீக்கப்பட்டிருந்தார்கள். நீக்கல் கடிதங்களைத் தட்டச்சு செய்தவள் நான். வெற்றிகரமான மனிதர் என்று நாங்கள் எல்லோரும் எதைச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று அன்றுதான் எண்ணிப் பார்த்தேன். அவர் பதவியில் ஏறியிருந்தார். அதைத் தவிர வேறு வெற்றி எதுவும் கோப்பில் இல்லை.

இது எங்கள் அலுவலக விந்தை இல்லை. 2019இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் ஏறத்தாழ இதையே கண்டார்கள். இப்படிப்பட்ட குணங்கள் உள்ளவர்கள் தலைவர்களாகும் வாய்ப்பு இம்மியளவு கூடுகிறது; தலைவர்களாகத் திறம்படச் செயல்படுவது இம்மியளவு குறைகிறது. ஆணிடம் இருந்தால் இக்குணம் கொஞ்சம் பாராட்டப்படுகிறது, பெண்ணிடம் இருந்தால் தண்டிக்கப்படுகிறது என்றும் அதில் வந்தது. (இதற்கு ஆய்வு வேண்டியிருந்ததா என்று எங்கள் கணக்குப் பிரிவுத் தலைவி கேட்டார்.)

பொதுவெளியில் தெரிந்த கதை ஒன்று வேண்டுமென்றால் ஆல்பர்ட் டன்லப்பைச் சொல்லலாம். ஆட்குறைப்பில் காட்டிய வேகத்துக்காக மரமறுக்கும் இயந்திரத்தின் பெயரையே அடைமொழியாகப் பெற்றவர். 1996இல் சன்பீம் என்ற வீட்டு உபயோகப் பொருள் நிறுவனத்துக்கு அவர் தலைவராக வருகிறார் என்ற அறிவிப்பு வந்த அன்றே பங்கு விலை ஏறக்குறைய பாதி மடங்கு எகிறியது. ஆள் இன்னும் நாற்காலியில் உட்காரவே இல்லை! ஊழியர்களில் பாதிப் பேரை நீக்குவதாக அறிவித்தார். 1998இல் அவரையே நீக்கினார்கள். சீசனுக்கு வெகுமுன்பே இறைச்சி வாட்டும் அடுப்புகளை விற்றுவிட்டதாகக் கணக்கில் காட்டி, சரக்கைக் கிடங்கிலேயே வைத்திருந்தது பிறகு வெளியே வந்தது. 2001இல் நிறுவனம் திவாலானது. 2002இல் அவர் 5 லட்சம் டாலர் அபராதம் கட்டி, இனி எந்தப் பொதுப் பங்கு நிறுவனத்திலும் அதிகாரியாகவோ இயக்குநராகவோ இருப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார். அவருக்கும் நான் மார்க் போடப் போவதில்லை. அந்தக் கிடங்கு மட்டும் என் மனதை விட்டுப் போகவில்லை. அங்கும் யாரோ ஒருவரிடம் பேனா நீட்டப்பட்டிருக்கும்.

நான் செய்த பெரிய பிழைக்கு வருகிறேன். அந்தக் கையெழுத்துச் சம்பவம் நடந்து ஒரு வாரம் கழித்து, தைரியத்தைக் கூட்டிக்கொண்டு எம்.டி.யிடம் பேசினேன். "சார், அன்றைக்கு அவர் மனம் நொந்து போயிருப்பார்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். "நான் இப்படி ஆகிவிட்டேனா?" என்று கேட்டபோது குரல் கம்மியது. எனக்கே அழுகை வந்துவிட்டது. அந்த நெகிழ்ச்சியில், தம்பியின் படிப்பு, வீட்டுக் கடன், இந்த வேலையை விட முடியாத நிலைமை என்று என் கதை முழுவதையும் கொட்டினேன். இரண்டு மாதம் கழித்து, தேதி மாற்றி எழுதிய ஒரு கடிதத்தில் சாட்சிக் கையெழுத்துக் கேட்டார். தயங்கினேன். "தம்பிக்கு இன்னும் எத்தனை செமஸ்டர் பாக்கி?" என்றார்.

போட்டேன்.

அன்று அறையில் அவர் நடித்தார் என்று பல நாள் நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். 2013இல் நெதர்லாந்தில் சைக்கோபதி உள்ள குற்றவாளிகளின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். பிறர் வலியைச் சும்மா பார்க்கும்போது மந்தமாக இருந்த பகுதிகள், "அவர் உணர்வதை நீங்களும் உணர முயலுங்கள்" என்று சொன்னபோது மற்றவர்களுடையதைப் போலவே ஏறக்குறைய விழித்துக்கொண்டன. பரிவு முழுவதுமாக இல்லாமல் போகவில்லை, சும்மா இருக்கும்போது அது அணைந்திருக்கிறது. எம்.டி.க்கு இது பொருந்துமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மனசாட்சியிடம் முறையிடுவதில் எனக்கிருந்த நம்பிக்கை அத்தோடு போனது. கேட்டுக்கொண்டால் ஐந்து நிமிடம் விளக்கு எரியும். அந்த வெளிச்சத்தில் உங்கள் பலவீனங்களைப் பரப்பிக் காட்டிவிட்டு வராதீர்கள்.

அதற்குப் பிறகு செய்ததில் பலித்தது மிகச் சாதாரணமான ஒன்று. வாய்மொழியாக எந்த உத்தரவு வந்தாலும் பத்து நிமிடத்துக்குள் ஒரு மின்னஞ்சல்: "இன்று காலை தாங்கள் சொன்னபடி, இன்ன கடிதத்தில் இன்ன தேதியை மாற்றுகிறேன். சரிதானா என்று தெரிவிக்கவும்." குற்றச்சாட்டு இல்லை, பெயரடை இல்லை, பணிவான நாலு வரி. மூன்றாவது மின்னஞ்சலுக்குப் பிறகு அப்படிப்பட்ட வேலைகள் என்னிடம் வருவது நின்றுபோயிற்று. வெற்றி என்று கொண்டாட முடியவில்லை, ஏனென்றால் அவை புதிதாகச் சேர்ந்த உதவியாளரிடம் போக ஆரம்பித்தன. அந்தப் பெண்ணுக்கு மின்னஞ்சல் வித்தையைச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதத் தாமதம் பயத்தினால் வந்தது, வேறு காரணம் இல்லை.

வீட்டில் ஒரு நாட்குறிப்பும் வைத்தேன். தேதி, நேரம், யார் இருந்தார்கள், என்ன சொன்னார் என்பது மட்டும். "கொடூரமாகப் பார்த்தார்" போன்ற வரிகளைப் பின்னால் அடித்துவிட்டேன். அவை எனக்கு ஆறுதல் தந்தன, வேறு யாருக்கும் பயன்படாது. அலுவலக ஆவணங்களை நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகும் ஆசையும் வந்தது. கணக்குப் பிரிவுத் தலைவி தடுத்தார். "அதைச் செய்தால் நாளைக்குத் திருடி நீதான் என்று ஆகும்" என்றார். சரியான நேரத்தில் வந்த சொல்.

அவர்தான் காரியத்தையும் முடித்தார். எம்.டி.யின் குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இயக்குநர் குழுவில், இருப்புக் கணக்கை வெளியாட்களை வைத்து எண்ண வேண்டும், ஆட்களை நீக்கும் கடிதத்தில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்று இரண்டு விதிகளை முன்வைத்தார். நிறுவனத்துக்கு எவ்வளவு நஷ்டம் என்ற கணக்கு ஒரு பக்கத்தில். தங்களுக்குப் பிடித்த மனிதரைப் பற்றி யாராவது குறை சொன்னால் அவர்கள் காதை மூடிக்கொண்டிருப்பார்கள். நஷ்டக் கணக்குக்கு அப்படி மூட முடியவில்லை. விதிகள் வந்தன. வெளியாட்கள் எண்ணினார்கள். வீணான சரக்கு வீணான சரக்காகவே பதிவானது. கிடங்கு மேலாளர் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார். மூன்று வாரம் கழித்து எம்.டி.யிடம் அவரைப் பற்றி ஏதோ பேச்சு வந்தபோது, "யார் அவர்?" என்று நிஜமாகவே கேட்டார். புதிதாக வேலைக்குச் சேரும் இடத்தில் நான் இப்போதெல்லாம் இதைத்தான் கவனிக்கிறேன். தலைவர் என்னிடம் எப்படிப் பேசுகிறார் என்று பார்ப்பதில்லை. விட்டுப் போனவர்களைப் பற்றி என்ன பேசுகிறார், பேசுகிறாரா என்று பார்க்கிறேன்.

கத்தும் மேலதிகாரிகளையெல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்துவிட வேண்டாம். என் பெயரை மூன்று மாதம் மறந்திருந்த பழைய மேலதிகாரி நாள் தவறாமல் கத்துவார். ஒரு ஊழியர் விபத்தில் விழுந்தபோது இரண்டு இரவு மருத்துவமனைப் பெஞ்சில் படுத்துக் கிடந்தவரும் அவரே.

எம்.டி. தோற்றுப் போகவில்லை. எங்களைவிடப் பெரிய நிறுவனம் ஒன்று அவரை அழைத்துக்கொண்டது. பிரிவு உபசார விழாவில் பேசினார். பாதிப் பேர் அழுதார்கள். என்னிடம் வந்து தம்பியைப் பெயர் சொல்லி விசாரித்தார்.

மறுநாள் அவர் அறையைக் காலி செய்யும்போது நீல நோட்டு கீழ் இழுப்பறையில் கிடந்தது. புதிய இடத்தில் அது பயன்படாது என்பதால் விட்டுவிட்டுப் போயிருந்தார். புரட்டினேன். எல்லாப் பக்கமும் என் கையெழுத்து, கடைசிக்கு முந்தைய பக்கத்தைத் தவிர. அங்கே மேலே என் பெயர். கீழே அவர் கையால் மூன்று வரி: "தம்பி படிப்பு. வீட்டுக் கடன். சம்பளம் ஏற்ற வேண்டாம், பாராட்டினால் போதும்."

என்ன செய்வது என்று தெரியாமல் நோட்டைக் கணக்குப் பிரிவுத் தலைவியிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் பக்கத்தைத் தேடி எடுத்தார். ஒரு வரி விடாமல் படித்தார்.

"எல்லாம் சரியாகத்தான் குறித்து வைத்திருக்கிறாய்" என்று சொல்லிவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.